இரண்டு விரல் நன்னடத்தை

எங்கள் மாநிலத்தில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒருவன் நல்லவனாக இருக்க வேண்டும். சட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறது: நன்னடத்தை உள்ளவர். மான் வேட்டைக்கான நீளத் துப்பாக்கிக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. சிறைக்குப் போகாத கெட்டவன் யாரும் அதை வாங்கலாம், தூண்டில் புழு விற்கிற கடையிலேயே கிடைக்கும். கைத்துப்பாக்கிக்கு மட்டும்தான் ஒழுக்கம் தேவை. எவ்வளவு ஒழுக்கம் என்று சட்டம் சொல்லவில்லை. ஹார்லோ மாவட்டத்தில் அதை நீதிபதி பாம்ராய் பார்த்துக்கொள்கிறார்.

அவருடைய அளவுகோல் என்ன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்துச் சாலைகளில் எதிரே ஒரு வண்டி வந்தால், ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் இரண்டு விரலை மட்டும் தூக்குவோம். தெரிந்தவர், தெரியாதவர், நேற்று வேலித் தகராறில் கட்டிப் புரண்டவர், எல்லோருக்கும் அதே இரண்டு விரல்தான். கையை முழுசாக ஆட்டினால் அது சுற்றுலாப் பயணி. ஒன்றுமே தூக்காதவரைப் பற்றி வீட்டில் சாப்பிடும்போது பேசுவோம். பாம்ராய் பதவிக்கு வந்த பிறகு அந்தப் பேச்சே தீர்ப்பாகிவிட்டது. அனுமதி கேட்டு யாராவது விண்ணப்பித்தால், அவர் தன் பச்சைக் காரை எடுத்துக்கொண்டு அந்த ஆள் வருகிற சாலையில் எதிரே போய்ப் பார்ப்பார் என்று சொல்வார்கள். அவர் இதை மறுத்ததில்லை.

வெர்லின் டட்டில் எனக்கு அடுத்த வீட்டுக்காரன். குளிர்காலத்தில் மாவட்டத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறான், மற்ற மாதங்களில் அதே சாலைகளின் குழிகளை அடைக்கிறான். ஐம்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன வருஷத்திலிருந்து தம்பி ராய்ஸ் அவனோடு மாடியறையில் இருக்கிறான். ராய்ஸ் பால் பண்ணை வைத்திருந்தான். பால் விலை விழுந்தது, வங்கி வந்தது, ஒரு காலை நேரத்தில் லாரிகள் வந்து மாடுகளை ஏற்றிக்கொண்டு போயின.

அன்று நடந்தது எனக்கு அப்போது தெரியாது. இப்போது மாவட்டத்துக்கே தெரியும் என்பதால் சொல்கிறேன். லாரிகள் போன பிறகு வெர்லின் தொழுவத்துக்குப் போயிருக்கிறான். ராய்ஸ் பால் கறக்கும் இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான், மடியில் அப்பாவின் மான் துப்பாக்கி. வெர்லின் ஒன்றும் கேட்கவில்லை. துப்பாக்கியை மெல்ல எடுத்துக்கொண்டான், தம்பியைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தான், மறுநாள் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் பக்கத்து மாநிலத்தில் இருந்த பெரியப்பா மகனிடம் கொடுத்தான். முதுகு வலி, இனி வேட்டைக்குப் போகப் போவதில்லை என்று எங்களிடம் சொன்னான். அண்ணனும் தம்பியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ராய்ஸ் பல மாதங்கள் மத்தியானம் வரைக்கும் படுத்தே கிடந்தான். பிறகு, இந்த ஆகஸ்டில், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து சவரம் செய்ய ஆரம்பித்தான். மேலே தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி வெர்லின் கீழே படுத்திருப்பானாம். அவனுக்கு அந்தச் சத்தம் போதுமாயிருந்தது.

செப்டம்பரில் தீயணைப்புப் படையின் கோழி விருந்து நடந்தது. எங்கள் படையில் எல்லோரும் சம்பளமில்லாத் தொண்டர்கள். வண்டி வாங்கவும் குழாய் வாங்கவும் துப்பாக்கிக் குலுக்கல் நடத்திப் பணம் சேர்ப்போம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். என்ன சிரிப்பு என்று எங்களுக்குப் புரிவதில்லை. வங்கி வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் சீட்டு வாங்காமல் யாரும் உள்ளே போக முடியாது, வெர்லினும் வாங்கினான். முதல் பரிசு அவனுக்கு விழுந்தது. படையின் நூறாவது ஆண்டுக்காகச் செய்வித்த கைத்துப்பாக்கி, பிடியில் வெள்ளியால் படையின் பெயர் பொறித்தது.

படைத் தலைவர் கெஸ்லர் ஒலிபெருக்கியில் சொன்னார்: "ஒரு வருஷம் கூட நம்ம ரோட்டைப் பனி மூட விடாத மனுஷனுக்குப் போய்ச் சேந்திருக்கு. ஆண்டவன் சீட்டைப் பாத்துத்தான் எடுத்திருக்கான்."

எல்லோரும் கை தட்டினார்கள். ராய்ஸும் தட்டினான். வெர்லின் கையில் கோழிக்காலோடு எழுந்து நின்றான், முகம் மாவு பூசினதுபோல ஆகிவிட்டது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை அப்படித்தான் சொன்னாள். நன்றி, எனக்கு வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னாள். துப்பாக்கி வேண்டாம் என்கிற வீட்டில் ஏதோ இருக்கிறது என்று மறுநாளே பேச ஆரம்பித்தோம். ஒரு மாதத்துக்குள் அவள் கணவனுக்கு மூளைக் கோளாறு என்று முடிவு கட்டி, தேவாலயத்தில் அவன் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினோம். அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். வெர்லின் வேண்டாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி மாடியறையைப் பற்றித்தான் வரும். அப்படி வந்தால் ராய்ஸிடம் யாரும் பள்ளிப் பிள்ளைகளை விட மாட்டார்கள்.

ஒரே ஒரு மரியாதையான வழி இருந்தது. சட்டம் அனுமதி மறுத்தால், வென்றவனுக்குத் துப்பாக்கிக்குப் பதில் பாதிப் பன்றி வெட்டிக் கட்டிக் கொடுப்பது படையின் வழக்கம். சட்டம் மறுத்தால் எங்கள் ஊரில் யாரும் காரணம் கேட்பதில்லை. தலைநகரத்துக்காரர்களைத் திட்டிவிட்டு உனக்கு ஒரு பீர் வாங்கித் தருவார்கள். ஆகவே எப்படியாவது தனக்கு அனுமதி மறுக்க வைப்பது என்று வெர்லின் முடிவு செய்து, நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனான்.

அங்கே கவுன்ட்டரில் ஆர்லீன் இருந்தாள். பத்தொன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறாள்.

"வா வெர்லின். அனுமதிக்குத்தானே? எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டேன்."

"ஆர்லீன், யார் யாருக்குக் குடுக்க மாட்டீங்க?"

அவள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். பிறகு சட்டத்தை மனப்பாடமாகச் சொன்னாள்.

"பெருங்குற்றம் பண்ணித் தண்டனை வாங்கினவனுக்குக் கிடையாது."

"நான் பண்ணலையே."

"தலைமறைவா இருக்கறவனுக்குக் கிடையாது."

"நான் தினம் நடுரோட்டுல நிக்கறேன்."

"ராணுவத்துல அவமானப்படுத்தித் துரத்தினவனுக்கு."

"என்னைச் சேத்துக்கவே இல்லை. தட்டைப் பாதம்."

"குடிக்கு அடிமையானவன். குடியுரிமையைத் துறந்தவன்."

"குடியுரிமையைத் துறக்க எத்தனை நாள் ஆகும்?"

"மனநல மருத்துவமனையில அடைச்சு வெச்சிருந்தவன்," என்று அவள் தொடர்ந்தாள்.

"யாரை?"

"உன்னைத்தான். வேற யாரைக் கேப்பாங்க?"

"இல்லை," என்றான் வெர்லின். கழுத்து வேர்த்துவிட்டது. "இதுல சுலபமா எதாவது இருக்கா?"

"எல்லாரும் எப்படிக் கிடைக்கும்னு கேப்பாங்க. எப்படிக் கிடைக்காதுன்னு நீ ஒருத்தன்தான் கேக்கறே. பயப்படாதே, நம்ம மாவட்டத்துல உள்ளூர்க்காரனுக்கு மறுத்ததே இல்லை. ஹென்லிக்கு ஒரு தடவை மறுத்தோம், போட்டோவுல பல்லைக் காட்டிட்டான். வாயை மூடி எடுத்துட்டு வந்தான், குடுத்துட்டோம். கிழவர் ஸ்டோக்ஸ் கைரேகை குடுத்த மறுவாரம் செத்துட்டார். நேர்ல வந்து பாக்கலைன்னு தலைநகரத்துலதான் மறுத்தாங்க. இப்ப மறுக்கறதுன்னா அந்த நர்ஸ் ஒருத்திக்குத்தான். மூணு தடவை ஆச்சு."

"அவ என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணலை. அவ என்ன பண்றான்னே யாருக்கும் தெரியாது. தெரியாதவளுக்கு நல்ல நடத்தைன்னு யார் சொல்றது? ரோட்டுல விரலை வேற தூக்க மாட்டா."

வெர்லின் அதைப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் முதலில் குடியை முயன்று பார்த்தான். மதுக்கடையில் உட்கார்ந்து, விழுகிற வரைக்கும் குடித்துவிட்டு, நெடுஞ்சாலை நடுவில் நின்று சர்ச் பாட்டு பாடினான். துணை ஷெரிப் கிம்பால் வந்தான். கைது செய்யச் சொல்லி வெர்லின் இரண்டு கையையும் நீட்டினான். கிம்பாலின் அம்மா வீட்டு வாசலில் பனி தள்ளுவது வெர்லின்தான். கிம்பால் அவனை வீட்டில் கொண்டுவந்து விட்டு, பூட்ஸைக் கழற்றி, ஒரு வாளியும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அந்த இரவைப் பற்றி அவன் எழுதிய அறிக்கையில், விண்ணப்பதாரர் பக்தி உள்ளவர் என்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் வெர்லின் விரல் தூக்குவதை நிறுத்தினான்.

இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். எங்களில் ஒருவனைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனையே தோன்றியிருக்காது, எங்களில் ஒருவனால்தான் இதைத் தாங்கவும் முடியாது. முதல் நாள் தபால்காரி எதிரே வந்தபோது அவன் விரல் தானாக எழுந்துவிட்டதாம், மறு கையால் அமுக்கிப் பிடித்தானாம். பத்து மைல் தள்ளிப் போய் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தானாம். எனக்கே ஒருநாள் அவன் தூக்கவில்லை. நான் இரண்டு விரலையும் தூக்கியபடி கண்ணாடியில் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய், வாய்க்காலில் இறங்கப் பார்த்தேன். அவனுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று ஒரு வாரம் யோசித்தேன். யோசித்ததில் நான்கைந்து கிடைத்தன. அவனிடம் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஊரே இப்படித்தான் யோசித்திருக்கிறது. அவன் நடத்தை கெட்டுவிட்டது என்று ஒருவரும் முடிவு செய்யவில்லை. அவன் விரலில் மூட்டு வலி என்று முடிவு செய்தார்கள். மக்ரோனியும் பாலாடைக் கட்டியும் போட்டுச் சுட்ட தட்டுகள் அவன் வீட்டு வாசலில் வந்து குவிந்தன. மெழுகுப் பூச்சு, கம்பளிக் கையுறை, கரடிக் கொழுப்புத் தைலம் எல்லாம் வந்தன. ராய்ஸ் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தான்.

"உன் கைக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறான்.

"ஒண்ணுமில்லை."

"ஊர் முழுக்கச் சோறு கொண்டு வருது."

"சாப்பிடு," என்றான் வெர்லின்.

அனுமதிக்கு நான்கு பேர் சாட்சி சொல்ல வேண்டும். வெர்லின் என்னிடம் வந்தான். சமையலறையில் நின்று தொப்பியைக் கசக்கினான்.

"என்னைப் பத்திக் கேக்க வருவாங்க. கொஞ்சம் கெட்டதா சொல்லேன்."

"என்னன்னு சொல்ல?"

"எதாவது. கோபக்காரன்னு சொல்லு."

"உனக்குக் கோபம் வந்து நான் பாத்ததில்லையே."

"அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன். மத்தவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஏன் என்று அவனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, எங்கள் பக்கத்தில் அது மரியாதை. கிம்பால் வந்தபோது என்னால் முடிந்தவரை சொன்னேன். வெர்லின் முன்கோபி, கஞ்சன், நாயை உதைப்பவன் என்றேன். கிம்பால் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியில் பேனாவை மூடினான்.

"அவன்கிட்ட நாயே இல்லையே," என்றான்.

"உதைச்சே துரத்திட்டான்."

"இவ்வளவு திட்டறேன்னா ரொம்ப நாள் சிநேகிதமாத்தான் இருக்கணும்," என்று சொல்லி, நெருங்கிய நட்பு என்று எழுதிக்கொண்டு போனான்.

நவம்பரில் விசாரணை நடந்தது. நீதிமன்றத்தில் நின்றுகொள்ளக்கூட இடமில்லை. தீயணைப்புப் படை சீருடையோடு வந்திருந்தது. கெஸ்லர் மடியில் துப்பாக்கிப் பெட்டி, சிவப்பு ரிப்பன் கட்டி. பள்ளி பஸ்களைப் பார்த்துக்கொள்கிற மார்லனும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தான், அவனும் படையில் இருக்கிறவன்தான். ஒரே வீட்டில் இருக்கும் பெரியவர்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பது விதி, அதனால் ராய்ஸும் வந்திருந்தான். அப்பாவின் சாவுக்குக் கட்டிய டையைக் கட்டியிருந்தான்.

முதலில் நர்ஸ் இனெஸின் நான்காவது விண்ணப்பம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவள். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள்.

"ஐயா, என் பழைய புருஷன் நான் இருக்கற ஊரைக் கண்டுபிடிச்சுட்டான். வாசல் கதவுல கீறி வெச்சுட்டுப் போயிருக்கான்," என்றாள்.

"உன் கஷ்டம் புரியுதும்மா," என்றார் பாம்ராய். உண்மையாகவே அவர் குரல் இளகியிருந்தது. "ஆனா கஷ்டம் வேற, நடத்தை வேற. உன்னை நல்லாத் தெரிஞ்ச நாலு பேர் வேணும்."

"என்னை நல்லாத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் தொண்ணூறு வயசு. ரெண்டு பேர் வரேன்னு சொன்னாங்க. போன மாசம் செத்துட்டாங்க."

"அப்ப வேற ரெண்டு பேரைப் பாரு. ரோட்டுல போறப்ப ரெண்டு விரலைத் தூக்கினா என்ன குறைஞ்சுடும்?"

"ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓட்டணும்னு கத்துக் குடுத்தாங்க ஐயா."

"அதான் சொல்றேன்," என்று நீதிபதி சபையைப் பார்த்தார். "இந்த நாற்காலியில இருபத்திரண்டு வருஷமா உக்காந்திருக்கேன். ஒருத்தன் நல்லவனான்னு கண்டுபிடிக்க எனக்குப் புத்தகம் தேவைப்பட்டதே இல்லை. அவங்க அப்பாவைத் தெரிஞ்சாப் போதும். ஹென்லி போன வருஷம் குடிச்சுட்டு இந்தக் கட்டடத்துக் கடிகாரத்தைச் சுட்டான். அனுமதியைப் பிடுங்கினேனா? இல்லை. அவங்க அப்பாவும் அதே கடிகாரத்தைச் சுட்டவர். எனக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். நாம இங்க பாரபட்சம் பாக்கறதில்லை. தெரிஞ்சவங்க எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தறோம்."

இனெஸுக்கு நான்காம் முறையாக மறுப்பு. அடுத்து வெர்லினைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்ததும் சொன்னான்: "ஐயா, நானும் ரெண்டு மாசமா விரலைத் தூக்கறதில்லை."

"தெரியும். எனக்கே தூக்கலை. அந்தம்மா தூக்கலைன்னா அது நடத்தை, வெர்லின். நீ தூக்கலைன்னா அது மூட்டு வலி. ராய்ஸ், நீ சொல்லு. உன் அண்ணன் எப்படிப்பட்டவன்?"

ராய்ஸ் எழுந்தான். டையைத் தடவிக்கொண்டான். "எனக்குத் தெரிஞ்சதுல அவனை விட நல்லவன் இல்லைங்க. அவன் இல்லைன்னா நான் இன்னைக்கு இங்க நின்னுக்கிட்டு இருக்க மாட்டேன்," என்றான்.

படை கை தட்டியது. நீதிபதி பேனாவை எடுத்தார். வெர்லின் கெஸ்லர் மடியிலிருந்த ரிப்பனைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான். அவனுக்கு இனி வேறு வழியில்லை.

"வேண்டாம் ஐயா," என்றான். "வீட்டுல துப்பாக்கி இருக்கக் கூடாது. மாடு போன அன்னைக்கு ராய்ஸ் தொழுவத்துல..." என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மடியில் துப்பாக்கி இருந்தது வரைக்கும் சொன்னான். தம்பியின் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

மார்லன் தன் தொப்பியின் உட்புறத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தான். நான் தரையைப் பார்த்தேன். அந்த லாரிகள் என் வீட்டு வாசல் வழியாகத்தான் போயின. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், அந்த டிரைவர்களுக்குக்கூட இரண்டு விரலைத் தூக்கினேன். சாலையைத் தாண்டி எதிரே இருந்த பண்ணைக்குப் போய் ராய்ஸ் எப்படி இருக்கிறான் என்று பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் போகவில்லை. நாங்கள் எல்லோரும் நன்னடத்தை உள்ளவர்கள், பாதிப் பேரின் பையில் அதற்கான அனுமதிச் சீட்டு இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

நீதிபதி தட்டச்சு செய்கிற பெண்ணிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது எதையும் நான் கேக்கலை," என்றார். "உங்க அப்பாவோட ஒண்ணாப் படிச்சவன் நான். ராய்ஸ், நீ விண்ணப்பம் போடலை. போடாதவனைப் பத்தி இந்த நீதிமன்றத்துக்கு ஒண்ணும் தெரிய வேண்டியதில்லை. சட்டம் வெர்லினோட நடத்தையைத்தான் கேக்குது. கூடப்பிறந்தவனுக்காக இவ்வளவு துடிக்கறவனுக்குக் குடுக்கலைன்னா வேற யாருக்குக் குடுக்கறது?"

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நடைபாதையில் கெஸ்லர் பெட்டியை நீட்டினார். முன்னாலேயே தயார் செய்து வைத்திருந்த வாழ்த்தைச் சொன்னார். வெர்லின் வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்க அவனுக்குத் தெரியவில்லை.

வண்டியில் நடந்ததை ராய்ஸ் பின்னால் எனக்குச் சொன்னான். ராய்ஸ் ஓட்டினான், பெட்டி வெர்லினின் மடியில். தீவனக் கிடங்கைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"திங்கட்கிழமை பஸ் சாவியைக் கேப்பாங்க," என்றான் ராய்ஸ்.

"மன்னிச்சுடு. வேற வழி தெரியலை."

"ஆர்லீன்கிட்ட கேட்டே. கிம்பால்கிட்ட கேட்டே. பக்கத்து வீட்டுக்காரன்கிட்டக் கூடப் போய் நின்னே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"என்னன்னு கேக்கறது?"

"இன்னும் மனசுல இருக்கான்னு."

வெர்லின் பெட்டியின் ரிப்பனைச் சுருட்டி, பிரித்து, மறுபடியும் சுருட்டினான். கேட்டால் அந்த நினைப்பை நாமே எடுத்துக் கொடுத்ததுபோல ஆகிவிடுமோ என்று அவன் இவ்வளவு நாள் பயந்திருக்கிறான். அதையும் அப்போதுதான் சொன்னான். பிறகு கேட்டான்.

"இன்னும் இருக்கா, ராய்ஸ்?"

"சில காலையில இருக்கு. எந்திரிச்சு சவரம் பண்ணினா போயிடும். துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போகணும்னா நாப்பது மைல். அத்தனை தூரம் ஓட்டறதுக்குள்ள மனசு மாறிடும், எனக்குத் தெரியும். வீட்டுல இருந்தா மாடிப்படி மட்டும்தான்." சிறிது தூரம் போன பிறகு சொன்னான்: "அதை வீட்டுக்குக் கொண்டு வராதே, வெர்லின்."

ராய்ஸ் வண்டியைத் திருப்பினான்.

அப்போது நான் இன்னும் நீதிமன்றக் கட்டடத்தில்தான் இருந்தேன். இனெஸுக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட நின்றிருந்தேன். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று ஆர்லீன் கேட்டாள். இன்று காலையிலிருந்து என்றேன். மூன்று வருஷம் வேண்டும் என்றாள். இனெஸ் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு டட்டில் சகோதரர்கள் உள்ளே வந்தார்கள். வெர்லின் பெட்டியைக் கவுன்ட்டரில் வைத்தான்.

"எனக்கு வேண்டாம்," என்றான். கோழி விருந்தில் அவன் சொல்லாமல் விட்ட வார்த்தை அது.

"திருப்பிக் குடுக்கணும்னா காரணம் போடணும்," என்றாள் ஆர்லீன். "காரணமெல்லாம் சட்டத்துலயே இருக்கு. பெருங்குற்றம், தலைமறைவு, குடி..."

"என் பேரைப் போடுங்க," என்றான் ராய்ஸ்.

"அதுக்கு இடமில்லை, ராய்ஸ்."

"அவன் தம்பிக்காகப் பயப்படறான்னு போடுங்க."

"அப்படி ஒரு காரணம் இல்லை."

"நான் கேட்டுக்கிட்டேன்னு போடுங்க. கொண்டு வராதேன்னு நான்தான் சொன்னேன்."

ஆர்லீன் பேனாவை எடுத்தாள், சட்டத்தில் எங்காவது இடம் இருக்கிறதா என்று தேடுகிறவளைப்போல அதன் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துத் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அதற்கு விதி ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"எப்படி இருக்கே, ராய்ஸ்?" என்றாள்.

எங்கள் ஊரில் இதை எல்லோரும் எல்லோரையும் நாள் முழுக்கக் கேட்கிறோம். கேட்டவர் நிற்பதில்லை. கேட்கப்பட்டவர் நல்லா இருக்கேன் என்று சொல்லி முடிப்பதற்குள் இருவரும் கதவைத் தாண்டியிருப்பார்கள். ஆர்லீன் கேட்டுவிட்டு நின்றாள். ராய்ஸ் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தான், அவள் இன்னும் நிற்பதைப் பார்த்தான்.

"நல்லா இல்லை," என்றான்.

ஆர்லீன் கவுன்ட்டரின் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் யாரும் அவளை இடுப்புக்குக் கீழே பார்த்ததில்லை. வீட்டில் போடுகிற கம்பளிச் செருப்பு போட்டிருந்தாள். அதோடு நடந்து வந்து, தூங்குகிற இனெஸை எழுப்பாமல் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, ராய்ஸுக்கு இடம் விட்டாள்.